அஞ்சல்வழி இயற்கை மருத்துவம்: சான்றிதழ் கைக்கு வரும், பெயர்ப்பலகை மாட்டலாமா?

பினாங்கு மாநிலத்தின் பிறை வட்டாரத்திலிருந்து 44 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னியல் பொருள் செய்யும் ஆலை ஒன்றில் 21 ஆண்டுகள் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்தவர் அவர். ஆலை ஆட்குறைப்புச் செய்தபோது கொடுத்த தொகையைப் பெற்றுக்கொண்டு விலகினார். நீரிழிவு உள்ள தாயாருக்கு உணவு மாற்றம், மாலை நடை, இடுப்புக் குளியல், வயிற்றில் ஈரமண் பட்டி ஆகியவற்றைத் தாமே படித்தறிந்து செய்துவந்ததில் சர்க்கரை அளவு குறைந்தது. அதைக் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தாரும் வரத் தொடங்கினர். சென்ற மாதம் ஆலய மண்டபம் ஒன்றில் நடந்த நலமுகாமில் ஒரு முகவரைச் சந்தித்தார். இந்தியாவிலுள்ள ஒரு கல்விக்கழகத்தின் இயற்கை மருத்துவப் பட்டயத்தை அஞ்சல் வழியாகவும் கைப்பேசி வழியாகவும் 18 மாதங்களில் முடிக்கலாம், இடையில் 7 நாள் நேரடிப் பயிற்சி உண்டு, முடிவில் அடையாள அட்டையும் பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளும் உரிமையும் கிடைக்கும் என்று முகவர் சொல்லியிருக்கிறார். கட்டணம் 9,800 ரிங்கிட். சகோதரி 1,500 ரிங்கிட் முன்பணம் கட்டி, இரண்டு பாடநூல்களையும் பெற்றுவிட்டார். மீதியை மாத இறுதிக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்கிறார்களாம். கணவரோ ‘தபாலில் வந்த டாக்டர்’ என்று கேலி செய்கிறார். இந்தப் படிப்பு மலேசியாவில் செல்லுமா, வீட்டு முன்கூடத்தில் சிகிச்சை நிலையம் திறக்கலாமா, கட்டணம் வாங்காமல் நன்கொடை மட்டும் பெற்றால் சட்டச் சிக்கல் இருக்காதல்லவா, வேண்டாம் என்று முடிவெடுத்தால் கட்டிய பணம் திரும்புமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும், ‘கிட்னி கொஞ்சம் வீக்’ என்று கிளினிக்கில் சொல்லப்பட்ட பக்கத்து வீட்டு அண்ணனுக்கு, வாரத்தில் மூன்று நாள் இளநீரும் பழச்சாறும் மட்டும் கொடுத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். ஆனால் இதில் உள்ள ஆபத்து, இத்தகைய வழக்குகளைப் படிக்கும் எந்த வழக்கறிஞருக்கும் தெரிந்ததுதான். கிளிக்கிளசைட் போன்ற நீரிழிவு மாத்திரைகள், உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். உணவைக் குறைத்துவிட்டு மாத்திரையை அப்படியே தொடர்ந்தால், பின்னிரவில் சர்க்கரை அபாயகரமாக விழக்கூடும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இளநீரிலும் பழச்சாற்றிலும் உள்ள பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கலாம். பெலிம்பிங் என்று நாம் சொல்லும் நட்சத்திரப் பழத்தின் சாறு அத்தகையவர்களுக்கு நஞ்சு. ஓயாத விக்கலில் தொடங்கி, வலிப்பு வரை கொண்டுபோய், உயிரையும் எடுத்திருக்கிறது. ஆகவே அந்தச் சாறு நாட்களை இன்றே நிறுத்திவிட்டு, அவரை அவருடைய கிளினிக்குக்கு அனுப்பி, இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தும்படியோ குறைக்கும்படியோ மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பாட்டி கைவைத்தியம் பார்த்தவர். தோட்டத்து மருந்தகத்தைக் கவனித்த டிரஸரே தம் குழந்தையின் வயிற்றுப்பொருமலுக்கு அவரிடம் வந்ததாகச் சொல்வார்கள். அவருடைய பெருமை எத்தனை பேரைக் குணப்படுத்தினார் என்பதில் இல்லை. எந்தக் காய்ச்சலைத் தாம் தொடக்கூடாது, எப்போது டிரஸரிடம் ஓட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரும் தவறியிருக்கிறார். கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்த எண்ணெய் குழந்தைகளின் கல்லீரலையும் மூளையையும் தாக்குவதை 1981இல் மலேசிய மருத்துவர்கள் பன்னாட்டு மருத்துவ இதழில் பதிவு செய்த பிறகுதான் பலருக்கும் அந்த விவரம் தெரிய வந்தது. ‘இயற்கையானது, ஆகவே கெடுதல் செய்யாது’ என்று உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் ஒன்று, படிப்பு இரண்டு

இயற்கை மருத்துவம் என்ற துறையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஜெர்மனியில் லூயி கூனே வகுத்த இடுப்புக் குளியலைத்தான் உங்கள் தாயாருக்கு நீங்கள் செய்திருக்கிறீர்கள். காந்தியடிகள் அம்முறையைத் தாமே கடைப்பிடித்தார். 1946இல் புனே அருகே உருளி காஞ்சனில் கிராம மக்களுக்காக இயற்கை மருத்துவ நிலையம் ஒன்றையும் தொடங்கினார். இன்று இந்தியாவில் அது முறையான பட்டப்படிப்பு. இயற்கை மருத்துவம் மற்றும் யோக அறிவியல் இளநிலைப் பட்டம் பெற நான்கரை ஆண்டுகள் கல்லூரியில் படித்து, ஓராண்டு மருத்துவமனையில் பயிற்சி பெற வேண்டும். சேர்வதற்கே மேல்நிலைக் கல்வியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் தேவை. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசுக் கல்லூரி 2000ஆம் ஆண்டிலிருந்து இதை நடத்திவருகிறது.

உங்களுக்கு விற்கப்படுவது அந்தப் பட்டம் அன்று. ஐந்தரை ஆண்டுப் படிப்பின் பெயரைக் காட்டிப் பதினெட்டு மாதப் படிப்பை விற்கிறார்கள். விளம்பரத்தாளில் ‘இந்திய அரசு அங்கீகரித்த மருத்துவமுறை’ என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்டது மருத்துவமுறை என்றுதான் இருக்கிறது. தங்கள் பட்டயம் அங்கீகரிக்கப்பட்டது என்று அவர்கள் எழுதவில்லை. அந்த வாக்கியத்தில் பொய்யே இல்லை, ஆனால் உங்களை நம்ப வைத்தது பொய்யைத்தான். இப்படி எழுதுவது ஒரு தனிக் கலை. ஒப்பந்தங்களைப் படித்தே தலை நரைத்த எனக்கு அதைக் கண்டால் கொஞ்சம் வியப்பும் வரத்தான் செய்கிறது.

விளம்பரத்தாளில் உள்ள மற்ற முத்திரைகளும் அப்படித்தான். முகவரின் நிறுவனம் எஸ்.எஸ்.எம்., அதாவது மலேசிய நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவானது என்றால், அது வணிகம் செய்யும் நிறுவனம் என்பது மட்டுமே பொருள். ரொட்டிச் சானாய் கடையும் அங்கேதான் பதிவாகிறது. ஐ.எஸ்.ஓ. சான்று ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறையைப் பற்றியது. அது கற்பிக்கும் பாடத்தின் தரத்தைப் பற்றியதன்று. வெளியுறவு அமைச்சின் முத்திரை, தாளில் உள்ள கையொப்பம் உண்மையானது என்று மட்டுமே சொல்லும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பெயரையும் போட்டிருக்கிறார்கள். அந்நிறுவனம் எந்தத் தனியார் படிப்பையும் அங்கீகரிப்பதில்லை. ஆனால் 2010இல் இயற்கை மருத்துவப் பயிற்சிக்கு ஓர் அளவுகோலை வெளியிட்டது. அதன்படி அடிப்படைப் பயிற்சிக்கே குறைந்தது 1,500 மணி நேரம் வேண்டும். அதில் 400 மணி நேரத்துக்குக் குறையாமல் மேற்பார்வையாளர் முன்னிலையில் நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டும். உங்கள் 7 நாள் முகாமை நாளுக்கு எட்டு மணி நேரம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 56 மணி நேரம்தான் வருகிறது.

தொலைதூரக் கல்வியே தவறு என்று நான் சொல்லவில்லை. வரலாறு, சட்டம், கணக்கியல் ஆகியவற்றை அஞ்சல் வழியில் நன்றாகவே படிக்கலாம். உடற்கூற்றைக்கூட நூலில் படித்துவிடலாம். ஆனால் ஈரமண் பட்டி போட்ட பெரியவருக்கு உடல் நடுங்கத் தொடங்கினால் அது குளிரா, சர்க்கரை விழுந்ததா என்று பிரித்தறிய, பக்கத்தில் ஓர் ஆசான் நின்று சொல்லித்தர வேண்டும்.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது

இங்கே பொருந்துவது 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், அதாவது 775ஆம் எண் சட்டம். பாரம்பரிய மலாய் மருத்துவம், சீன மருத்துவம், இந்திய மருத்துவம், இஸ்லாமிய மருத்துவம், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி என ஏழு துறைகள் அதன்கீழ் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு யோகாவையும் இயற்கை மருத்துவத்தையும் பாரம்பரிய இந்திய மருத்துவத்துக்குள் சுகாதார அமைச்சு சேர்த்துக்கொள்கிறது. ஆகவே ‘இயற்கை மருத்துவம் சட்டத்துக்குள் வராது, யாரும் கேட்கமாட்டார்கள்’ என்று முகவர் சொன்னது சரியன்று.

இத்துறைகளில் சிகிச்சை செய்பவர்களைப் பதியும் பணி 2021 மார்ச் 1 அன்று தொடங்கியது. ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்களுக்குத் தரப்பட்ட மூன்றாண்டு அவகாசம் 2024 பிப்ரவரி 29 அன்று முடிந்தது. அதன்பின், அங்கீகரிக்கப்பட்ட துறையொன்றில் பதிவின்றிச் சிகிச்சை செய்வது குற்றம். அதற்கு அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. பதிவு தருவது இச்சட்டத்தின்கீழ் அமைந்த பாரம்பரிய, துணை மருத்துவ மன்றம். உங்களுக்குச் சான்றிதழ் தரும் கழகத்துக்கோ, அதை விற்கும் முகவருக்கோ அந்த அதிகாரம் இல்லை. அந்தக் கழகம் தரும் அடையாள அட்டையும் நீங்கள் அதன் மாணவராக இருந்தீர்கள் என்பதற்குத்தான் சான்று. மன்றத்தின் பதிவுக்கு அது ஈடாகாது.

பெயருக்கு முன் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ளும் எண்ணத்தை முழுமையாகக் கைவிடுங்கள். பதிவு பெறாத ஒருவர் தம்மை மருத்துவராகக் காட்டிக்கொள்வதை 1971ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் குற்றமாக்குகிறது. முன்கூடத்தில் மாட்ட நினைத்திருக்கும் பலகையில் ‘சர்க்கரைக்கு மருந்தில்லா மருத்துவம்’ என்று எழுதப்போவதாகச் சொல்கிறீர்கள். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின் அட்டவணையில் 20 நோய்கள் உள்ளன. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புற்றுநோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா, மலட்டுத்தன்மை ஆகியவை அவற்றுள் அடங்கும். அவற்றைத் தீர்ப்பதாகப் பொருள்களை விளம்பரம் செய்வதையும், அனுமதியின்றி நோய் தீர்க்கும் சேவையை விளம்பரம் செய்வதையும் அச்சட்டம் தடுக்கிறது. வீட்டு வாசல் பலகையும் விளம்பரம்தான், முகநூல் பதிவும் விளம்பரம்தான். சூரணம், எண்ணெய் என்று எதையாவது தயாரித்து விற்றால், மருந்துப் பதிவு விதிகள் வேறாக வந்து சேரும். நம் நாட்டில் பாரம்பரிய மருந்தின் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். குடியிருப்பு வீட்டில் நிலையம் நடத்தச் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் உரிமமும் தேவைப்படும்.

நன்கொடைப் பெட்டி காப்பாற்றுமா

நம் சமூகத்தில் பரவலாக உள்ள நம்பிக்கை இது. கட்டணம் என்று சொல்லாமல் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துவிட்டால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். நீதிமன்றம் பெயரைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கும். வருகிறவர் ஒவ்வொருவரும் சிகிச்சை முடிந்து ஐம்பது வெள்ளி போட்டுவிட்டுப் போனால் அது கட்டணம்தான். உண்மையாகவே ஒரு காசு வாங்காமல் செய்தாலும், உங்களை நம்பித் தம் உடலை ஒப்படைத்தவரிடம் கவனத்தோடு நடந்துகொள்ளும் கடமை உங்களுக்கு உண்டு. கவனக்குறைவால் அவருக்குக் கேடு விளைந்தால், இலவசம் என்பது இழப்பீட்டு வழக்கில் தற்காப்பாகாது.

எந்த அளவுக்குக் கவனம் வேண்டும் என்பதை இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் ஆராய்ந்தது. சீன மூலிகைக் கஷாயம் குடித்த ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். கொடுத்தவர் மீது குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். அந்த வைத்தியரை ஆங்கில மருத்துவரின் அளவுகோலால் அளக்க முடியாது என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் தம் முறையில் சொல்லியிருக்கிறது என்பது மட்டும் போதாது, தாம் கொடுக்கும் மருந்தால் கேடு வந்ததாக நவீன மருத்துவ இதழ்களில் எச்சரிக்கை வந்திருக்கிறதா என்பதையும் அறிந்து வைத்திருக்க வேண்டும் என்றார். அந்த வைத்தியர் வழக்கிலிருந்து விடுபட்டார். அவருக்கு முறையான பயிற்சியும் இருந்தது. ஆங்கிலத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் அங்கே எடுத்துக் காட்டப்படுபவை. அந்தக் கூண்டில் நீங்கள் நின்று, ‘எனக்கு இரண்டு பாடநூலும் ஏழு நாள் முகாமும் இருந்தன’ என்று சொல்லும் காட்சியை எண்ணிப் பாருங்கள்.

கட்டிய பணம், கட்டாத பணம்

மீதி 8,300 ரிங்கிட்டை இப்போது கட்ட வேண்டாம். ‘மாத இறுதிக்குள்’ என்ற கெடு, நீங்கள் யாரிடமும் விசாரித்துவிடக்கூடாது என்பதற்காகப் போடப்படுவது. அஞ்சல்வழிப் படிப்பில் நிரம்பிப் போக நாற்காலி ஏது?

மீதியைக் கட்ட ஊழியர் சேமநிதியிலிருந்து (இ.பி.எஃப்.) பணம் எடுக்க முகவர் உங்களுக்குக் காட்டிய வழியே அவருக்கு எதிரான சான்று. 2024 மே 11 முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கல்விக்கான மீட்பு ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து, அங்கீகாரம் பெற்ற கல்விக்குத் தரப்படுவது. அதற்கு ஆவணங்கள் கேட்பார்கள். ‘பிளெக்சிபல்’ கணக்கிலிருந்து காரணம் சொல்லாமலே எடுத்துக்கொள்ளலாம். ‘கல்வி மீட்புக்கு விண்ணப்பிக்காதீர்கள், அது தாமதமாகும், பிளெக்சிபலில் எடுங்கள்’ என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தாமதத்துக்குப் பயந்து அப்படிச் சொன்னாரா, ஆவணங்களுக்குப் பயந்து சொன்னாரா என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

கட்டிய 1,500 ரிங்கிட்டைப் பற்றி நீங்கள் நினைப்பதைவிட நல்ல செய்தி உண்டு. ரசீதில் ‘முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருப்பதால் போனது போனதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியன்று. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தொடர்ந்து வழங்கப்படவிருக்கும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்து செய்ய இடமளிக்கிறது. அப்போது சேவை தருபவர் முழு ஒப்பந்த விலையில் 5 விழுக்காட்டையும், நீங்கள் ஏற்கெனவே பெற்றுப் பயன்படுத்திய பொருள், சேவை ஆகியவற்றின் மதிப்பையும்தான் பிடித்துக்கொள்ளலாம். 9,800இல் 5 விழுக்காடு 490. இரண்டு பாடநூல்களைக் கசங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டால், ஏறக்குறைய 1,010 ரிங்கிட்டை நீங்கள் உரிமையோடு கேட்கலாம். அதற்கும் மேலாக, ‘மலேசியாவில் கிளினிக் திறக்கலாம்’, ‘டாக்டர் போடலாம்’ என்று சொல்லித்தான் உங்களைச் சேர்த்தார்கள் என்பதை நிறுவ முடிந்தால், தவறான கூற்றை நம்பிச் செய்த ஒப்பந்தம் என்ற அடிப்படையில் முழுத் தொகையையும் கோரலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். முகவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள், விளம்பரத்தாள், வங்கிச் சீட்டு ஆகிய எதையும் அழித்துவிடாதீர்கள். கோபத்தில் அவரைத் தடை செய்துவிடவும் வேண்டாம். அவர் இன்னும் பேசட்டும்.

பணம் யார் பெயரில் போனது என்று ரசீதைப் பாருங்கள். இந்தியக் கழகத்தின் மீது இங்கிருந்து நடவடிக்கை எடுப்பது செலவும் அலைச்சலும் மிகுந்தது. பணத்தை வாங்கியது இங்குள்ள முகவரின் நிறுவனம் என்றால் வேலை எளிது.

இனி என்ன செய்யலாம்

உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, இந்தத் துறையை ஆழ்ந்து கற்க வேண்டும் என்பது. மற்றொன்று, அதைத் தொழிலாக்க வேண்டும் என்பது. கற்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. உங்கள் உடலுக்கும் உங்கள் வீட்டுச் சமையலுக்கும் பயன்படும் அறிவைப் பெற நினைத்தால், அஞ்சல்வழியில் படிப்பதில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. ஆனால் அதற்கு 9,800 ரிங்கிட் கொடுப்பது என் கணக்கில் அதிகம்.

தொழிலாக்குவதே நோக்கம் என்றால், பணம் கட்டும் முன் பாரம்பரிய, துணை மருத்துவ மன்றத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்துக் கேளுங்கள். சான்றிதழ் வழங்கும் கழகத்தின் முழுப்பெயர், படிப்பின் பெயர், நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், மீதி எப்படி நடத்தப்படுகிறது என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு, இந்தத் தகுதியோடு பாரம்பரிய இந்திய மருத்துவத் துறையில் பதிவு பெற முடியுமா என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். வரும் பதில் எழுத்தில் இருக்கட்டும். தொலைபேசியில் யாரோ ‘பொலே, பொலே’ (முடியும், முடியும்) என்று சொன்னதை வைத்து நாளை எதையும் நிறுவ முடியாது. உள்நாட்டுப் படிப்பு என்றால், எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று இணையத்திலேயே இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, படிப்பின் பெயர் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் பெற்ற தேர்ச்சி போதாதே என்று தயங்குகிறீர்கள். எம்.கியூ.ஏ.வின் ‘ஏப்பல்’ முறையில், முன் அனுபவத்தை மதிப்பிட்டுப் பட்டயப் படிப்புக்கு இடமளிக்கிறார்கள்; 20 வயது நிரம்பியிருந்தால் போதும், திறனறித் தேர்வும் அனுபவக் கோப்பும் கேட்பார்கள். நோய் தீர்ப்பதாகச் சொல்லாமல் உடல்நலச் சேவையாகத் தொடங்க விரும்பினால், மலேசியத் திறன் சான்றிதழின்கீழ் ஸ்பா சிகிச்சைப் பயிற்சிகள் உள்ளன. உங்களுக்கு உண்மையில் பொருந்துவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இருபத்தொரு ஆண்டுகள் தரப் பரிசோதனை செய்த கண், குளியல் தொட்டியின் நீர்ச்சூட்டையும் விரிப்பின் தூய்மையையும் பிறரைவிட நன்றாகப் பார்க்கும். ஐந்தரை ஆண்டு முழுநேரப் படிப்புக்கு இந்தியா செல்லும் வழியும் உண்டு. தாயாரை விட்டுப் போக முடியாது என்று நீங்களே எழுதியிருப்பதால் அதை விரித்துரைக்கவில்லை.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல். அவருடைய கேலி புண்படுத்துகிறது என்பது புரிகிறது. ஆனால் ஆட்குறைப்பில் வந்த பணம் கரைந்துவிடுமோ என்ற அச்சமே அவரிடம் கேலியாக வெளிப்படுகிறது என்று நினைக்கிறேன். மன்றத்திலிருந்து வரும் பதிலை அவரோடு சேர்ந்து படியுங்கள்.

இந்த வாரத்துக்கான வேலை இது. முகவரின் நிறுவன முகவரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், என்ன வாக்குறுதியை நம்பிக் கட்டினீர்கள், ஒப்பந்தத்தை ரத்து செய்கிறீர்கள், பாடநூல்களைத் திருப்பித் தருகிறீர்கள், 14 நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்பவற்றை மட்டும் எழுதுங்கள். வசைச்சொல் எதுவும் வேண்டாம். பதிவு அஞ்சலில் அனுப்பி, ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குச் செல்லுங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது ஏற்கும். முதலாம் எண் பாரத்தை நிரப்பி 5 ரிங்கிட் கட்டினால் போதும். மூன்றாண்டுக்குள் தொடுக்க வேண்டும். அங்கே வழக்கறிஞர்கள் யாருக்காகவும் வாதாட முடியாது. ஆகவே முகவர் தம் பக்கத்துக்கு என் போன்றவர்களை அழைத்து வரமாட்டார். உங்கள் வாட்ஸ்அப் பதிவுகளை அச்செடுத்து, தேதி வாரியாக அடுக்கி, நீங்களே எடுத்துச் சொன்னால் போதும்.